சி.ஐ.டி. நர்சம்மாவும் ஏழு சாமி முடிச்சும்

அன்று சாயங்காலம் அண்ணன் கட்டிலைச் சுற்றி இருந்தவர்கள் அம்மா, அண்ணி, பெரியம்மா, தாய்மாமா, வண்டி முதலாளி வீட்டுக் கணக்குப்பிள்ளை, நான். இல்லாதவர் ஒரே ஒருவர்தான்: சி.ஐ.டி. அவர் இல்லாத தைரியத்தில்தான் நாங்கள் இத்தனை பேர் உள்ளே இருந்தோம். அவர் இருந்திருந்தால் ஒருவர் கட்டில் பக்கத்திலும், பாக்கிப் பேர் வேப்பமரத்தடியிலும், மாமா மட்டும் ரோட்டுக்கு அந்தப் பக்கமும் நின்றிருப்போம்.

சி.ஐ.டி. என்றதும் மீசையும் குடையுமாக ஓர் ஆசாமியை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்போது இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்குத் தலைமை நர்ஸ் அவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ரொம்பக் குள்ளம். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைச் சேலை ஒன்று ஆள் இல்லாமல் தானே உருண்டு வருவது போல இருக்கும். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது சம்பளத்தன்று மட்டும் புழங்கியது. மற்ற நாளெல்லாம் டாக்டர் முதல் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறவர் வரைக்கும் சி.ஐ.டி.தான். நேரே கூப்பிடும்போது மட்டும் நர்சம்மா.

மதுரைக்குத் தெற்கே பிறந்த மனுஷர்களில், ‘நல்லாருக்கேன்’ என்ற வார்த்தையை ஒரு தடவைகூட நம்பாமல் காலம் தள்ளியவர் இவர் ஒருவர்தான் என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் எப்படி என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாம்பு கடித்துத் தூக்கி வந்து போட்டாலும், “எப்படியிருக்கீரு?” என்று கேட்டால், “நல்லாருக்கேன், வீட்டுல எல்லாரும் சொகமா?” என்றுதான் பதில் வரும். கேட்ட மரியாதைக்குச் சொல்கிற பதில் அது. உலகம் முழுவதும் இந்தப் பதிலைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடும். சி.ஐ.டி. அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்.

“ஐயோ அம்மான்னு கத்துதவன் எங்கயும் போயிர மாட்டான், அவனைச் செத்த நேரம் கழிச்சுப் பாத்துக்கிடலாம். நல்லாருக்கேன்னு சொல்லுதான் பாரு, அவனைத்தான் மொதல்ல பாக்கணும்” என்பார்.

பார்ப்பதென்றால் சாதாரணப் பார்வை அல்ல. போர்வையை மடிப்பது போலப் பாவனை செய்துகொண்டு, மூச்சு எண்ணுவார். ஜன்னலைச் சாத்துவது போலப் போய், வாயை மோந்து பார்ப்பார். தூங்குகிறவர் நிஜமாகவே தூங்குகிறாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று தெரிய வேண்டும் என்பதற்காகக் காது மடலைக் கிள்ளுவார். கிள்ளு வாங்கி எழுந்தவர், “ஏன் நர்சம்மா?” என்று கேட்டால், “ஒண்ணுமில்ல, தூங்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். ஒரு நாளில் இப்படிப் பல தடவை. இந்த ஆஸ்பத்திரியில் குணமாகாமல் யாரும் போனதில்லை. தூங்காமல் போனவர்கள்தான் அதிகம் என்று மாமா சொல்லுவார்.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்த சமயம். அண்ணன் மகாராஜபுரத்தில் ஒரு பருத்தி வியாபாரியிடம் மாட்டு வண்டி ஓட்டினான். அந்தப் பக்கத்துப் பருத்தியை ஏற்றிக்கொண்டு போய் ராஜபாளையம் ஜின்னிங் பாக்டரியில் இறக்க வேண்டும். ஒரு நாள் கிருஷ்ணன்கோவில் தாண்டி ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி, வண்டி சாய்ந்து, பருத்திப் பொதியோடு அண்ணனும் கீழே வந்தான். பொதிக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணனுக்கு வலது முன்கை முறிந்துவிட்டது.

அந்தக் கை எங்கள் வீட்டுக்கு என்னவென்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். என்னைப் படிக்க வைத்தது அந்த வலது கை பிடித்த மூக்கணாங்கயிறு. வண்டி கையை விட்டுப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது. முதலாளி நல்ல மனுஷர்தான். “கை கூடுற மட்டும் வண்டியை வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்” என்று சொல்லியனுப்பினார். கூடவே, கை கூடுமா கூடாதா என்று பார்த்துவரக் கணக்குப்பிள்ளையையும் அனுப்பிவைத்தார்.

அண்ணன் சாதாரணமாக வலி பொறுக்கிற ஆள் இல்லை. முள் குத்தினாலே தெருவைக் கூட்டுவான். ஆனால் கணக்குப்பிள்ளையின் தலைப்பாகை வாசலில் தெரிந்தால் போதும், மாப்பிள்ளை மாதிரி சிரிக்க ஆரம்பித்துவிடுவான்.

“எப்படிப்பா இருக்கு?”

“நல்லாருக்கேன் பிள்ளைவாள். நாலு நாள்ல வண்டி பூட்டிரலாம்.”

டாக்டர் எலும்பைச் சேர்த்து, இரண்டு பக்கமும் மரச்சிம்பு வைத்து, முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை துணிக்கட்டுப் போட்டார். விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. “கட்டை யாரும் தொடக் கூடாது” என்று எச்சரித்துவிட்டுப் போனார். அவர் போனதும் சி.ஐ.டி. வந்தார்.

“ஏலே, வெரலை ஆட்டு.”

“நல்லாருக்கேன் நர்சம்மா.”

“ஓஞ் சொகத்தை யாருலே கேட்டா? வெரலை ஆட்டு.”

அண்ணன் ஆட்டினான். சி.ஐ.டி. அவன் கட்டைவிரல் நகத்தை அமுக்கினார். நகம் வெளுத்தது. விட்டார். மறுபடி சிவந்தது. இந்தக் காட்சியை அவர் சினிமாப் பார்ப்பது போல ரசித்துப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு விரலுக்கும் ஓர் ஆட்டம் நடந்தது.

“எதுக்கு நர்சம்மா இது?” என்று நான் கேட்டேன். படித்தவன் என்பதால் ஆஸ்பத்திரி, தபாலாபீஸ், போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் எங்கள் வீட்டில் என் இலாகா.

“ஒடிஞ்ச கை வீங்கும். கட்டு வீங்காது. நடுவுல மாட்டிக்கிட்ட ரத்தம் எங்கடே போகும்? போக வழியில்லன்னா நின்னுரும். அதை வெரலு மொதல்ல சொல்லிரும். ஒங்கண்ணன் வாயி கடைசி வரைக்கும் சொல்லாது.”

அன்று முதல் அண்ணன் பாடு விரலாட்டம்தான். சாப்பிடும்போது ஆட்டு, பேசும்போது ஆட்டு, கனவு காணும்போது ஆட்டு.

வார்டில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் சி.ஐ.டி.க்கும் ஒரு பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நோயாளிக்கு வாயில் எதையாவது போட்டால்தான் பார்த்த திருப்தி. சி.ஐ.டி.க்கு யார் வாயில் எது போகிறது என்று தெரிந்தால்தான் திருப்தி. ஆகவே உறவுக்காரர்கள் எல்லோரும் கூடி ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். வராந்தாவில் ஒருவர் காவல். சி.ஐ.டி. தலை தெரிந்தால் வறட்டு இருமல் ஒன்று இருமுவார். உடனே தூக்குச்சட்டி கட்டிலடிக்கும், வடை தலையணைக்கடியிலும் போய்விடும். சி.ஐ.டி. உள்ளே வரும்போது வார்டு மாதாகோயில் மாதிரி அமைதியாக இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் இருமல் கேட்டது. எல்லாக் கையும் அதனதன் வேலையைச் செய்தன. ஆனால் சி.ஐ.டி. வாசல் வழியாக வரவில்லை. பக்கத்து ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு கண்கள் தெரிந்தன. இருமியவரே அவர்தான்! ஜோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலோரம் நின்று இருமிவிட்டு, எந்தக் கை எங்கே போகிறது என்று நிதானமாகப் பார்த்திருக்கிறார். பிறகு உள்ளே வந்து, தாமே ஒளித்துவைத்த சாமான்களை எடுப்பவர் போல ஒவ்வொன்றாக எடுத்தார். அவருக்குத் தேட வேண்டிய வேலையே இருக்கவில்லை.

கடைசிக் கட்டிலில் புதுப்பட்டி விவசாயி ஒருவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் முடிந்து, குளோரபாரம் மயக்கம் அரைகுறையாகத் தெளிந்த நிலையில் கிடந்தார். பக்கத்தில் அவர் சம்சாரம், கையைக் கட்டிக்கொண்டு, எழுதிவைத்த சித்திரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். சி.ஐ.டி. அந்தம்மாள் முன்னால் போய் நின்றார்.

“ஏட்டி, எந்திரி.”

“எதுக்கு நர்சம்மா?”

“சும்மா எந்திரி.”

அந்தம்மாள் எழுந்தார். சேலைக்குள்ளிருந்து ‘கிணிங்’ என்று ஒரு சத்தம். சோடாப் புட்டியில் கோலி உருண்ட சத்தம்.

“நாக்கு வறண்டு கெடக்காவ நர்சம்மா. தண்ணி தண்ணின்னு கேக்காவ. மனசு கேக்கலை.”

“மயக்கம் முழுசாத் தெளியலைட்டி. இப்பக் குடிச்சா கக்குவாரு. கக்குனது மூச்சுக்கொழாய்க்குள்ள போச்சுன்னா யாரு எடுப்பா? சோடாக் கடைக்காரன் வருவானா?”

அந்தம்மாள் அழ ஆரம்பித்துவிட்டார். சி.ஐ.டி. சோடாவைப் பறிமுதல் செய்தார். பிறகு ஒரு பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, அந்தப் பெரியவரின் உதட்டை ஒற்றி ஒற்றி எடுத்தார். அவர் கண்ணைத் திறந்து, “நல்லாருக்கேன்” என்று முனகினார். “பொய் சொல்லாதீரும்” என்றார் சி.ஐ.டி.

இந்தப் பட்டப்பெயரால் ஒருவருக்கு உயிர் போய் உயிர் வந்த கதையும் உண்டு. ராஜபாளையத்திலிருந்து கதர் கட்டிய ஒருவர் விஷ ஜுரத்தோடு வந்து எங்களுக்கு அடுத்த கட்டிலில் படுத்தார். வந்த அன்றே வார்டு முழுக்க, “சி.ஐ.டி. வருது, சி.ஐ.டி. வருது” என்று ரகசியம் ஓடியது அவர் காதில் விழுந்திருக்கிறது. வெளியே கூட்டங்களில் பேசிவிட்டு வந்த மனுஷர். அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

ஜுரக்காரர்களிடம் சி.ஐ.டி.க்கு ஒரு வழக்கம். அடிக்கடி பேரையும் ஊரையும் கேட்பார். பதில் தடுமாறினால் ஜுரம் தலைக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

“ஓம்ம பேரு என்ன?”

கதர்க்காரர் யோசித்தார். “சுப்பையா.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. “பேரு?”

“ராமசாமி.”

“ஊரு?”

“தென்காசி.”

அடுத்த தடவை அவர் ஒரு தெலுங்குப் பேர் சொன்னார். சி.ஐ.டி. முகம் மாறிவிட்டது. தலைக்கு ஈரத்துணி, கட்டிலிலிருந்து விழாமலிருக்க இரண்டு பக்கமும் பெஞ்சு, கையைக் கட்டிலோடு சேர்த்து ஒரு துணிக்கட்டு. கையைக் கட்டியதும் கதர்க்காரர், “வந்தே மாதரம்!” என்று ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

நான் குனிந்து, “ஐயா, அவிய போலீஸ் இல்லை, நர்சம்மா. சி.ஐ.டி.ங்கிறது கேலிக்குச் சொல்லுதது” என்றேன்.

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவர் ஒரு பெருமூச்சு விட்டு, சொந்தப் பேரைச் சொன்னார். சி.ஐ.டி. நம்பவில்லை. “இது நாலாவது பேரு” என்றார். கடைசியில் அவர் சம்சாரம் வந்தார். “ஒம் புருசன் பேரு என்னம்மா?” என்று சி.ஐ.டி. கேட்டார். அந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். புருஷன் பேரைச் சொல்கிற வழக்கம் எந்த வீட்டில் இருக்கிறது? கைஜாடையில் ஏழுமலையைக் காட்டினார், சங்கைக் காட்டினார், நாமத்தைக் காட்டினார். வார்டே சேர்ந்து அதை விடுகதை போல அவிழ்த்து, நாலாவது பேர்தான் நிஜம் என்று தெரிந்த பிறகுதான் அந்த மனுஷர் கைக்கட்டு அவிழ்ந்தது.

நிற்க. அண்ணன் கதைக்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் சி.ஐ.டி.யின் இடது கன்னம் கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, “என்ன நர்சம்மா, கன்னம்?” என்றார்.

“நல்லாருக்கேன் டாக்டர்.”

வார்டே சிரித்துவிட்டது. டாக்டரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நல்லாருக்கேங்கிறவங்களைத்தானே மொதல்ல பாக்கணும்? வாயைத் திறங்க” என்றார். கடைவாய்ப் பல் சொத்தை. ராஜபாளையத்தில் பல் பிடுங்குகிறவர் ஒருவர் இருந்தார். கரி பஸ்ஸில் சி.ஐ.டி.யை ஏற்றி அனுப்பினார்கள். ஏறும் வரைக்கும் சின்ன நர்ஸிடம், “கட்டுப் போட்ட கையெல்லாம் பாத்துக்கிடு, வெரலைப் பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பஸ் புகை விட்டுக்கொண்டு மறைந்தது. மத்தியானம் தாண்டிப் பெண்கள் வார்டில் ஒரு பிரசவம் சிக்கலாகி, டாக்டரும் சின்ன நர்ஸும் அங்கே ஓடிவிட்டார்கள்.

எங்கள் பெரியம்மா இதற்காகவே காத்திருந்தாள். மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்து நாடா நாடாவாகக் கிழித்தாள்.

“கை ஒடிஞ்சு இம்புட்டு நாளாச்சு. ஒரு சாமிக்கும் நேந்து முடியலை. பொறவு எப்படிக் கூடும்?”

நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து உடம்பில் கட்டிக்கொண்டு, நோவு தீர்ந்ததும் கோயிலில் செலுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியம்மா அதில் தேர்ந்தவள்.

“எல்லாச் சாமிக்கும் ஓரணாதான். கூடக் கொறைய வச்சா அவியளுக்குள்ள மனத்தாங்கல் வந்துரும்.”

“பெரியம்மா, கட்டைத் தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்றேன்.

“கட்டை யாருலே தொடுதா?” என்றார் மாமா. “கட்டு முழங்கைக்குக் கீழ. நாங்க கட்டுதது முழங்கைக்கு மேல. நீ படிச்சவன்தானே, மேலயும் கீழயும் தெரியாதா?”

சட்டப்படி நியாயம் மாமா பக்கம்தான் இருந்தது.

பெரியம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒன்று, சதுரகிரி மகாலிங்கத்துக்கு ஒன்று என்று இரண்டு முடிச்சுக் கட்டினாள். அம்மா ஆண்டாளுக்கு ஒன்று கட்டிவிட்டு, “படிச்ச பிள்ளை கட்ட மாட்டான், அவனுக்கும் சேத்து நானே கட்டுதேன்” என்று முருகனுக்கு இன்னொன்று கட்டினாள். அண்ணி அவள் பிறந்த ஊர்க் காளிக்கு. மாமா ஐயனாருக்கு. கணக்குப்பிள்ளை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் நன்றாக இருக்குமா? முதலாளி பேரில் பிள்ளையாருக்கு ஒன்று அவரும் கட்டினார். முடிச்சு நெகிழ்ந்தால் நேர்த்தியும் நெகிழ்ந்துவிடும் என்பது பெரியம்மாவின் சித்தாந்தம். ஆகையால் ஒவ்வொருவரும் முந்தியவரைவிட ஒரு பிடி கூடவே இறுக்கினார்கள். மாமா பல்லால் இழுத்தார். ஏழு மஞ்சள் நாடாவும் அண்ணன் புஜத்தில் வளையல் அடுக்கியது போல ஏறி நின்றன. மேலே போர்வையை இழுத்து மூடினார்கள்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் நெற்றி வேர்த்தது.

“என்ன ஐயா?” என்றாள் அம்மா.

அண்ணன் கணக்குப்பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தான். “ஒண்ணுமில்ல. லேசாக் கடுக்கு.”

பெரியம்மா கையைத் தட்டினாள். “கடுக்குதா? அப்பச் சாமி எறங்கிருச்சு! எலும்பு கூடுதுடா!”

இதைக் கேட்டு எல்லோருக்கும் சந்தோஷம். அண்ணனுக்கும்தான். கடுப்புக் கூடக் கூட ஏழு சாமியும் முண்டியடித்துக்கொண்டு வேலை செய்வதாக நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் ஆனது. கடுப்பு நின்றுவிட்டது என்றான். “பாத்தியா?” என்றாள் பெரியம்மா. கணக்குப்பிள்ளை திருப்தியாக வெற்றிலை போட்டார்.

அப்போதுதான் சி.ஐ.டி. வந்தார்.

நாளைக்குத்தான் வருவார் என்று நினைத்திருந்தோம். வாய் நிறையப் பஞ்சை அடைத்துக்கொண்டு, கன்னத்தைச் சுற்றித் தலையில் ஒரு துணிக்கட்டோடு, அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார். இருமுவதற்கு யாருக்கும் அவகாசம் இல்லை. ஆனால் அவரால் பேச முடியவில்லை என்று தெரிந்ததும் வார்டில் ஒரு தைரியம் பரவியது. “இன்னைக்கு ஊமைப் படம்” என்றார் மாமா.

சி.ஐ.டி. ஒவ்வொரு கட்டிலாக வந்தார். எங்கள் கட்டிலடியில் நின்று, அண்ணனைப் பார்த்து, தம் விரலை ஆட்டிக் காட்டினார்.

அண்ணன் இடது கை விரலை ஆட்டினான்.

சி.ஐ.டி. அது இல்லை என்று தலையை ஆட்டினார். வலது கை என்று சைகை காட்டினார்.

“நல்லாருக்கேன் நர்சம்மா” என்றான் அண்ணன். “கடுப்புக்கூட நின்னு போச்சு.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் சி.ஐ.டி. போர்வையைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். விரல்கள் ஐந்தும் நாவற்பழம் மாதிரி இருந்தன. ஆட்டச் சொன்னார், அசையவில்லை. நகத்தை அமுக்கினார், வெளுத்தது வெளுத்தபடியே நின்றது. சேலையில் குத்தியிருந்த பின்னை எடுத்து விரல் நுனியில் குத்தினார். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியவே இல்லை. கடுப்பு நின்ற காரணம் அதுதான்.

அம்மா முகம் செத்துப்போனது. அந்தக் கையைத்தான் நாங்கள் பார்க்க வந்திருந்தோம். இத்தனை நேரம் அதை ஒருவரும் பார்க்கவில்லை.

சி.ஐ.டி. வாயிலிருந்த பஞ்சைத் துப்பினார். “டாக்டரைக் கூப்புடு!” என்று ஒரு சத்தம். நான் ஓட எழுந்தேன். இடுப்பில் செருகியிருந்த கத்திரியை உருவிக்கொண்டு அவர் கட்டில்மேல் ஒரு முழங்காலை ஊன்றி ஏறினார். தலைக்கட்டு அவிழ்ந்து கூந்தல் விரிந்துவிட்டது. கண் இரண்டும் பிதுங்கி நின்றன. வாயெல்லாம் ரத்தம். கையில் கத்திரி.

பெரியம்மா பார்த்தாள். அண்ணி ஊர்க் காளிக்கு முடிச்சுக் கட்டியது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“தாயே! வந்துட்டியா!” என்று அலறிக்கொண்டு தரையில் விழுந்தாள். அண்ணியும் விழுந்தாள். கணக்குப்பிள்ளை வெற்றிலையை விழுங்கிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். குறுக்கே யாராவது நின்றிருந்தால் நேரம் போயிருக்கும். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்ததால் ஏழு முடிச்சையும் சி.ஐ.டி. தடையில்லாமல் அறுத்தார். நான் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது கட்டையும் தளர்த்திவிட்டிருந்தார்.

டாக்டர் சிம்பை எடுத்துவிட்டு, கையைத் தலையணைகள்மேல் உயர்த்தி வைத்தார். “பாக்கலாம்” என்றார்.

அந்தப் பஞ்சாயத்து மாதிரி ஒன்றை நான் அப்புறம் பார்த்ததில்லை. எல்லோரும் தரையிலிருந்து எழுந்து, ஐந்து விரலைச் சுற்றி நின்றோம். வார்டில் நடக்க முடிந்த மற்ற நோயாளிகளும் வந்து நின்றார்கள். கதர்க்காரர் ஈரத்துணியோடு வந்தார். புதுப்பட்டிக்காரர் படுத்தபடியே, “செவந்துட்டா? செவந்துட்டா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாவற்பழ நிறம் மெல்ல மெல்லக் கத்தரிப்பூ நிறமானது. பிறகு எந்த நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிறம். சி.ஐ.டி. நகத்தை அமுக்கினார். விட்டார். நாங்கள் மூச்சை விடவில்லை. நகத்தின் அடியில் லேசாக ஒரு சிவப்பு ஊறியது.

“ஆத்தா! எரியுதே!” என்று அண்ணன் ஊரே கேட்கக் கத்தினான்.

அப்படி ஓர் இனிமையான கத்தலை நான் கேட்டதில்லை. சி.ஐ.டி.யின் முகத்தில் ரத்தத்தோடு ஒரு சிரிப்பு வந்தது. “இப்பத்தாம்லே நீ நல்லாருக்கே” என்றார். “கத்து. நல்லாக் கத்து.”

அண்ணன் வெட்கமில்லாமல் கத்தினான். சுண்டுவிரல் ஒரு தடவை துடித்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கணக்குப்பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

“முதலாளிகிட்ட நான் சொல்லுதேன். எம்புட்டு நாளானாலும் வண்டி ஒனக்குத்தான். அதுக்காவ இப்படியாப்பா பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பே? கடுக்குன்னு வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா?”

“நீங்க இருந்தியளே பிள்ளைவாள்” என்றான் அண்ணன்.

பயம் தெளிந்த பிறகுதான் பெரியம்மாவுக்குக் காளி இறங்கவில்லை, நர்சம்மாதான் ஏறினார் என்று உறைத்தது. அறுந்து கிடந்த மஞ்சள் நாடாக்களைப் பார்த்தாள்.

“ஐயையோ! நேந்து கட்டின முடிச்சை மாதாகோயிலுக்குப் போற வேதக்காரி அறுத்துட்டாளே! ஏழு சாமியும் சும்மா விடுமா?”

சி.ஐ.டி. தரையில் குனிந்து ஒவ்வொரு முடிச்சாகப் பொறுக்கினார். துணிதான் அறுந்திருந்தது, காசு முடிந்த முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. அவற்றை ஒரு தட்டில் வைத்து அம்மாவிடம் நீட்டினார்.

“ஒங்க சாமி ஏழும் பத்திரமா இருக்கு, எண்ணிக்கிடுங்க. கட்டில் கம்பியில கட்டுங்க. எம்புட்டு வேணாலும் இறுக்குங்க. கம்பிக்குள்ள ரத்தம் ஓடலை.”

அம்மா கம்பியில் கட்டினாள். மாமா இந்தத் தடவையும் பல்லால் இழுத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டார் அடியோடு மாறிவிட்டார்கள். கட்டிலருகே யார் இருந்தாலும் அண்ணன் விரலைவிட்டுக் கண் எடுப்பதில்லை. பெரியம்மா அவன் நகத்தை அமுக்கியதில் நகம் தேய்ந்துவிடுமோ என்று டாக்டருக்கே கவலை வந்தது. தன் நகம், அண்ணி நகம் எல்லாம் முடிந்த பிறகு அவள் வார்டில் மற்றவர்கள் நகத்தையும் அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தாள். “இந்தாளுக்கு ரத்தம் மெள்ளத்தான் ஓடுது நர்சம்மா” என்று கணக்குப்பிள்ளையைப் பற்றி ரிப்போர்ட் கொடுத்தாள். வராந்தாவில் இருமுவதற்கு ஆள் இல்லாமல் போனது. இருமிய ஆட்களே இப்போது ஓடிப்போய், “நர்சம்மா, மூணாவது கட்டில்காரரு நல்லாருக்கேங்காரு, வந்து பாருங்க” என்று சொன்னார்கள்.

கை கூடி, அண்ணன் புறப்பட்ட அன்று சி.ஐ.டி. வாசல் வரை வந்தார். “போயிட்டு வாரேன் நர்சம்மா, நல்லாருக்கேன்” என்றான் அண்ணன். அவர் விரலை மட்டும் ஆட்டிக் காட்டினார். அண்ணன் பத்து விரலையும் ஆட்டினான். பிறகுதான் வழி விட்டார்.

நேர்த்திக் காசைச் செலுத்துகிற வேலை பாக்கி இருந்தது. பெரியம்மா புதுச் சந்தேகம் ஒன்று கிளப்பினாள். நேர்ந்து கட்டியதை நடுவில் அறுத்தால் குற்றம், அந்தக் குற்றம் அறுத்த கையில்தான் போய் நிற்கும் என்றாள். அம்மா ஒவ்வொரு கோயிலாகப் போனாள். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு சந்நிதியிலும் முடிச்சை அவிழ்த்து ஓரணாவை உண்டியலில் போட்ட பிறகு, இடுப்பிலிருந்து இன்னொரு அணாவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டாள்.

“இது எதுக்கும்மா?”

“அறுத்த கைக்கு. அந்தப் புண்ணியவதி கைக்கு ஒண்ணும் வந்துரப்படாது.”

சதுரகிரி மலை இறங்கி வந்து, கடைசியாக அம்மா என்னைக் கணக்குப் பார்க்கச் சொன்னாள். அண்ணன் கைக்கு ஏழணா, சி.ஐ.டி. கைக்கு ஏழணா, இரண்டு கைக்கும் சேர்த்துப் பதினாலணா.